எட்டு வாட் அத்தான்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றரை மணி. அலுவலகத்தில் தேநீர்க் கோப்பைகள் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தன. அழைத்தது அக்காவின் மகன். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றான். அதற்கு நான் கேட்ட முதல் கேள்வி எழுதக்கூடியதல்ல. ஆனாலும் அன்றைக்குச் செய்தி கேட்ட அத்தனை பேரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்ததால், வெட்கத்தை எல்லோரோடும் பங்கு போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

"ஏணியிலயாடா?"

"இல்ல மாமா. நாற்காலியில. டீ குடிச்சிட்டு உக்காந்தாரு. அப்படியே..."

சித்தி கேட்டாளாம்: "எந்தப் படியிலேருந்து விழுந்தாரு?" அக்கா வீட்டுத் தெருத் தையல்காரர் கேட்டாராம்: "ஏணியை யாரும் பிடிச்சுக்கலையா தம்பி?" பிள்ளை எல்லோரிடமும் நாற்காலி, நாற்காலி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு நாற்காலியின் மேல் வீண்பழி போடுகிறவன்போல ஆகிவிட்டான். யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவது? அவரை நாற்காலியில் பார்த்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டுக் குளியலறையில், ஏணியின் மேல்படியில், வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, வாயில் திருகாணி இருப்பதைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பவராகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

இது என் அத்தானைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனத்தின் பிரதிநிதி. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மின்மிச்ச உபதேசி. இந்த உபதேசிகளில் உட்பிரிவுகள் உண்டு. சிலருக்கு விளக்கு, சிலருக்குக் கூரைமேல் சூரியத் தகடு, சிலருக்குத் தண்ணீர்க் குழாய்க்குள் போடும் சல்லடை. என் அத்தானுக்குக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன். அதுவும் எல்லா ஃபேனும் அல்ல. எட்டே எட்டு வாட்டில் ஓடும் ஃபேன். அதனால்தான் குடும்பத்தில் அவருக்கு எட்டு வாட் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவர் காதில் விழுந்தபோது கோபிக்கவில்லை. பட்டம் வாங்கியவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த இனத்தை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்ற விருந்தாளிகள் உள்ளே வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், உங்கள் குழந்தையைப் பார்ப்பார்கள், கொஞ்சம் நாகரிகம் குறைந்தவர்கள் உங்கள் டிவி எத்தனை அங்குலம் என்று பார்ப்பார்கள். இவர் மூக்கைத் தூக்குவார்.

"என்ன மாப்ள, வீட்டுல ஈர வாடை அடிக்குதே?"

"இப்பதான் எல்லாரும் குளிச்சோம் அத்தான்."

"குளிச்சா ஈரம் வரத்தான் செய்யும். வந்த ஈரம் போகணும்ல? போகுதா?"

"உக்காருங்க அத்தான், டீ..."

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். உட்காரச் சொன்ன நாற்காலி காலியாகக் கிடக்க, நீங்கள் கையில் டீயோடு உங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் நிற்பீர்கள். உள்ளே அவர் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். காய்ந்தும் காயாத துண்டை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். கூரை மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளை, இத்தனை நாளாக நீங்கள் பார்த்தும் பார்க்காமல் வைத்திருந்த புள்ளிகளை, ஒவ்வொன்றாக உங்கள் மனைவியிடம் அறிமுகம் செய்துவைப்பார். பூஞ்சை என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்தில், நீங்கள் ஏதோ கொலையை மறைத்தவர்போல் தலைகுனிந்து நிற்பீர்கள்.

அடுத்து உங்கள் பழைய ஃபேனுக்கு வழக்கு விசாரணை. ஸ்விட்சைப் போடச் சொல்வார். பாவம் அது, ஜன்னலில் உட்கார்ந்து பல வருடமாகத் தூசி தின்ற பிராணி, இருமிக் கனைத்து ஓடத் தொடங்கும். 

"இது ஃபேனா, மாவு மில்லா?"

"சத்தம் கொஞ்சம் இருக்கும்..."

"சத்தம்னா என்ன? கரண்ட்டு. நீ காத்துக்குன்னு கரண்ட் குடுக்குற, அது பாதியைச் சத்தமாவும் சூடாவும் ஆக்கிக் காட்டுது. இது நாப்பது வாட். நம்மளது எட்டு. நாப்பதுல எட்டு போனா எவ்வளவு?"

இந்தக் கணக்கை அவர் கேட்காத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டார். என் மேலதிகாரி ஒருமுறை என் வீட்டுக்கு வந்து கைகழுவப் போனவர், கதவுக்கு வெளியே நின்ற குரலுக்குப் பதிலாக உள்ளேயிருந்து "முப்பத்திரண்டு" என்று சொல்லவேண்டி வந்தது. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று நம்புகிறேன்.

இதில் கொடுமை எது தெரியுமா? அவர் சொன்னது அத்தனையும் சரி. தப்பாகப் பேசுகிறவனை ஒரு வார்த்தையில் மடக்கலாம். சரியாகப் பேசுகிறவனை யார் மடக்குவது? புது மோட்டார் கரண்டை மிச்சம் பிடிக்கத்தான் செய்யும். மிச்சம் பிடிப்பதால் மனசு உறுத்தாமல் மணிக்கணக்கில் ஓடவிடலாம். ஓடவிட்டால் கண்ணாடியில் படிந்த ஆவி தெளியும், துண்டு காயும், சுவரில் அடித்த பெயின்ட் தோல் உரியாமல் நிற்கும், கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுக்காது, மரச்சட்டம் உளுத்துப்போகாது. ஈரம் குறைந்ததைத் தானே மோப்பம் பிடித்து ஃபேன் தானே நின்றுவிடும். "நாம மறந்தாலும் அது மறக்காது மாப்ள. நம்ம வீட்டுல யாருக்காவது இந்த அறிவு இருக்கா?" என்பார், அக்கா காதில் விழும்படியாக. சத்தமோ, சுத்தமாக இல்லை. மற்றவர்கள் வீட்டு ஃபேன் ஓடினால் தெருமுனைவரை கேட்கும். அத்தான் மாட்டிய ஃபேன் ஓடினால் ஃபேனுக்கே கேட்காது.

"ஓடுதா அத்தான்?"

"கேட்டியா! கேட்டியா! ஓடுதான்னு கேக்குற பாரு, அதுக்குத்தான் இத்தனை பாடு!"

ஓடுகிறது என்று எப்படி நம்புவது? அங்கேதான் சடங்கின் உச்சக்கட்டம். வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிடுவார். சமையலறையில் இருப்பவர் அடுப்பை அணைத்துவிட்டு வரவேண்டும். காய்ச்சலில் படுத்திருப்பவர் போர்வையோடு வரவேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டவேண்டும். சட்டைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, ஏணியில் ஏறி, ஃபேனின் சல்லடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு, விடுவார். பேப்பர் விழாது. ஒட்டிக்கொண்டு நிற்கும். "ஆ!" என்பார்கள் பிள்ளைகள். யாராவது ஒருவர் கைதட்டுவார். ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டவேண்டும். நானும் தட்டியிருக்கிறேன். தட்டாவிட்டால் அவர் இறங்கமாட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, சோதனையில் சறுக்கியதும் உண்டு. சித்தி வீட்டில் ஒருமுறை, "கதவுக்கு அடியில இவ்வளவு சந்து இருந்தா காத்து வீணாப் போகும்" என்று ரப்பர் பட்டை ஒட்டி, ஜன்னலையும் அடைத்துவிட்டார். வெளியே தள்ளும் ஃபேனுக்குக் காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டாமா? வழி கிடைக்காத ஃபேன், தரையில் இருந்த சாக்கடைத் துளை வழியாகக் காற்றை இழுக்கத் தொடங்கியது. அன்று சித்தி வீட்டில் எழுந்த நாற்றத்தை விவரிக்கப்போவதில்லை. உபதேசி ஃபேனைச் சந்தேகித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? சாக்கடையைச் சந்தேகித்தார். ஆள் வைத்துத் தோண்டினார். சித்தப்பா குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நம்ம சாக்கடை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் உபதேசியை எதிர்த்துப் பேசியது அதுதான் முதலும் கடைசியும்.

சரி, இந்த உபதேசம் எங்கிருந்து பிறந்தது? அதைச் சொல்லாமல் கேலி மட்டும் செய்தால் பாவம் சேரும்.

அக்காவுக்கு மார்பில் இழுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு வந்தது, வயதோடு வளர்ந்தது. பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் விசில் அடிக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் டாக்டரம்மா மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து எழுதும் முன் வேறொன்று கேட்டார்.

"வீட்டுல ஓதம் ஏறியிருக்கா? எங்கயாவது கறுப்புப் புள்ளி?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். "பாத்ரூம் மேல கொஞ்சம்..." என்றார் அத்தான்.

"மருந்து நான் தர்றேன். ஈரத்தை நீங்கதான் வெளியேத்தணும். இல்லைன்னா ஒரு நாள் இந்த வீட்டை விட்டு இவங்கதான் வெளியேறணும். புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. அந்த மனிதருக்கு வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக வேறெதுவும் புரிந்ததில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார், விளக்கப் புத்தகங்களைத் தலையணைக்கடியில் வைத்துப் படித்தார், விற்பனைக்காரன் கண்ணீர் விடும்வரை கேள்வி கேட்டார், கடைசியில் எட்டு வாட் ஃபேனோடு வீட்டுக்கு வந்தார். ஜன்னலில் மாட்டுகிற ஜாதி அல்ல இது. குளியலறைக் கூரையில் வட்டமாக வெட்டி மாட்டவேண்டும்; அதன் மேல்பக்கத்திலிருந்து ஒரு குழாய் பரண் வழியாகப் போய், வெளிச்சுவரில் ஓர் ஓட்டை போட்டு, தெருப்பக்கம் தலை நீட்டவேண்டும். ஈரக்காற்று அந்தக் குழாய் வழியாக வெளியேறும்.

கூரையை வெட்டினார். ஃபேனை மாட்டினார். ஒயர் இழுத்தார். ஸ்விட்சு வைத்தார். பேப்பர் ஒட்டியது. எல்லோரும் கைதட்டினோம்.

குழாய்?

"அது கிடக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

இதுதான், வாசகரே, இந்த இனத்தின் மூலமந்திரம். எந்த வேலையிலும் கைதட்டல் வரும் இடம் ஒன்று இருக்கிறது. உபதேசி அதுவரை புலி. அதற்குப் பிறகு இருக்கும் வேலை, தூசிக்குள் தலையை விட்டுக் குனிந்து செய்யவேண்டிய வேலை, யாரும் வந்து பார்க்காத வேலை, செய்து முடித்தாலும் செய்ததாகவே தெரியாத வேலை. குழாயைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்? குழந்தையைத் தூக்கிவந்து குழாயையா காட்டுவார்கள்? ஆகவே குழாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் வேறொருவர் வீட்டு ஏணியில் இருந்தார்.

எத்தனை வீடு! சித்தி வீடு, தையல்காரர் வீடு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீடு, மருமகளின் தாய்வீடு. ஒரு பைசா கூலி கிடையாது. கமிஷன் கிடையாது. டீ கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் தண்ணீர். இப்படிப்பட்ட ஆளைச் சந்தேகப்படவும் முடியாது, தடுக்கவும் முடியாது. காசு வாங்கும் ஆளிடம் "வேலை முடியலையே" என்று சட்டையைப் பிடிக்கலாம். இலவசமாகச் செய்கிறவரிடம் "ரொம்ப நன்றி" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல வாய் வரும்?

அவர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குளியலறைக் கூரை பால்போல வெளுத்தது. கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அத்தான் சொந்தக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போய்க் காட்டினார். "தொட்டுப் பாருங்க, காய்ஞ்சு கிடக்கு!" தொட்டுப் பார்த்தோம். காய்ந்துதான் கிடந்தது. ஈரம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அது ஒழுங்காக மேலே ஏறி, பரணில் இறங்கி, அங்கே அடுக்கியிருந்த பழைய மெத்தைகளிலும் போர்வை மூட்டைகளிலும் குடியேறியிருந்தது. அந்தப் பரண் குளியலறையோடு நிற்கவில்லை. அடுத்த அறைக்கும் நீண்டிருந்தது. அடுத்த அறையில்தான் அக்காவின் கட்டில்.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோதே இந்தப் பேச்சு நடந்தது.

"ராத்திரி படுத்தா ரொம்ப இழுக்குதுங்க."

"எங்க? பாத்ரூம்லயா?"

"கட்டில்ல."

"நான் பாத்ரூம்ல இழுக்குதான்னு கேட்டேன்."

"பாத்ரூம்ல இல்ல."

"அப்புறம் என்ன! ஃபேன் வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

என் பக்கம் திரும்பி, "பாத்தியா மாப்ள?" என்றார். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. நான் பார்த்தேன். அக்கா இன்ஹேலரைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் போன மறுவாரம் ஒரு மாலை, அக்கா வீட்டுக் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டில் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் போனவரின் குணம், அப்புறம் அவருடைய கடைசி நாள், அப்புறம் மௌனம், அப்புறம் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். சித்தி செருமினாள்.

"சொல்லக் கூடாது. மகராசன் போய்ச் சேந்துட்டாரு. ஆனா எங்க வீட்டுப் பரண்ல காளான் முளைச்சிருக்கு."

தையல்காரர் நிமிர்ந்தார். "உங்க வீட்டுலயுமா?"

"உங்க வீட்டுலயுமான்னா?"

"லைனிங் துணி ஒரு கட்டு மேல போட்டு வச்சிருந்தேன்மா. போன மாசம் இறக்கினா பச்சையா இருக்கு. நான் வாங்கினது வெள்ளை."

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் குடுத்த பாராட்டுப் பத்திரங்களை எல்லாம் பரண்லதான் வச்சிருந்தேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சுப் பாத்தா யாரு யாரைப் பாராட்டுறாங்கன்னே தெரியல."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய சிரிப்பு எங்களுக்கெல்லாம் தொற்றிக்கொண்டது. துக்க வீட்டுச் சிரிப்புக்கு ஒரு தனி வேகம் உண்டு. அடக்க அடக்கத் தோள் குலுங்கும்.

"அவர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான் அக்கா மகன்.

"எப்படிப்பா சொல்றது?" என்றார் தையல்காரர். "வரும்போதே சிரிச்ச முகமா வருவாரு. 'நம்ம ஃபேன் எப்படி இருக்கு?'ம்பாரு. 'ஓடுறதே தெரியல'ன்னு சொல்லுவேன். அதுல அந்த மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். போறப்போ ஒரு பட்டன்கூட இலவசமா வாங்கிக்க மாட்டாரு."

அப்போது உள்ளறையில் இழுப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. மகன் எழுந்துபோய் அவளை உட்காரவைத்தான்.

"அம்மா, போதும்மா. எங்களோட வந்துருங்க. எங்க ஃபிளாட்டுல ஈரமே கிடையாது. இந்த வீட்டைப் பூட்டிடலாம்."

"பூட்டிட்டு?"

"வித்துடலாம்மா. டாக்டர் அன்னிக்கே சொன்னாங்கல்ல?"

எல்லோரும் தலையாட்டினோம். சித்தி ஆட்டினாள், தலைமை ஆசிரியர் ஆட்டினார், நானும் ஆட்டினேன். அந்த நேரத்திலும் நம் இனத்தார் ஒருவர் அங்கே இருந்தார். அத்தானின் சகலை, சூரியத்தகடு உட்பிரிவு. "விக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கணும். இந்த மொட்டைமாடிக்கு நல்ல வெயில் விழுது" என்று ஆரம்பித்தார். சித்தி பார்த்த பார்வையில் அடங்கினார்.

அக்கா மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள். பிறகு மகனை விட்டுவிட்டுத் தையல்காரரிடம் கேட்டாள்.

"அண்ணே, நம்ம தெருவுல சுவத்துல ஓட்டை போடுற ஆள் யாராவது உண்டா?"

தையல்காரர் என்னைப் பார்த்தார்.

"குழாய் விஷயம் உனக்குத் தெரியுமா அக்கா?" என்றேன்.

"என் தலைக்கு மேலதானடா ஊதுது. எனக்குத் தெரியாம?"

"அத்தான்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். 'அட, குழாய்தானே, அடுத்த ஞாயித்துக்கிழமை'ன்னாரு. இன்னொரு தடவ சொன்னேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. நான் ஏதோ அவரைக் கையாலாகாதவர்னு சொல்லிட்ட மாதிரி சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு." இழுத்து மூச்சு விட்டாள். "அதுக்கப்புறம் சொல்லல. தலைமாட்டைக் கால்மாட்டாக்கிப் படுத்துக்கிட்டேன்."

மறுநாள் காலை துளைபோடும் இயந்திரத்தோடு ஓர் ஆள் வந்தான். நானும் அக்கா மகனும் பரணைக் காலி செய்தோம். மெத்தையைத் தூக்கினால் கையோடு பஞ்சு வந்தது. போர்வைகள் கனத்துக் கிடந்தன. அத்தனையையும் தெருவில் போட்டோம். கடைசி மூலையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், குழாய் இருந்தது. ஃபேன் வாங்கிய அன்றே வாங்கியது. அளவெடுத்து வெட்டிக்கூட வைத்திருந்தார். அந்த ஆள் சுவரைத் துளைத்தான், குழாயைச் செருகினான், ஓரத்தில் சிமென்ட் பூசினான், கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். அக்கா அவனுக்குப் போட்டு வைத்த டீயில் இன்னும் சூடு இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா இருக்கு? குழாயை வெளிய விட்டாச்சு."

அக்கா குளியலறை வாசலில் போய் நின்று மேலே பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஓடுவது தெரியவில்லை. திடீரென்று அதைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஊருக்கெல்லாம் பேப்பரை ஒட்ட வச்சுக் காட்டினீங்களே! ஒரு டீ ஆறுற நேரம்! ஒரு டீ ஆறுற நேர வேலைக்கு என்னை இத்தனை வருஷம்..."

இழுப்பு வந்து வாக்கியத்தை அறுத்தது. இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். துளைபோட வந்த ஆள், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். விற்கும் பேச்சு நின்றுவிட்டது. கட்டிலில் தலைமாடு தலைமாட்டுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "வீடு மாறிட்டீங்களா?" என்று கேட்டாராம். என்னோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அத்தானைத் திட்டுகிறாள். முன்பெல்லாம் அவள் ஒரு வாக்கியம் பேச நடுவில் இரண்டு இடத்தில் நிற்கவேண்டும். நேற்று பேசினாள், ஏணியில் தொடங்கி, திருகாணி, பேப்பர், சாக்கடை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒரே மூச்சில் திட்டி முடித்தாள். நான் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் இல்லை.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். யாரையாவது நினைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். உங்கள் மாமனார், உங்கள் மேலாளர், மேல்வீட்டுக்காரர். நல்லது. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்துபாருங்கள். பேப்பர் தேவையில்லை. உங்கள் வீட்டில் உங்களிடம் யாராவது ஒரு விஷயத்தை ஒருமுறை சொல்லி, இரண்டாம் முறையும் சொல்லி, மூன்றாம் முறை சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார்களா? பிரச்சினை தீர்ந்துவிட்டதால்தான் நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால், வாருங்கள், இனத்தில் உங்களுக்கும் ஓர் ஏணி காலியாக இருக்கிறது.

எனக்கும் இருக்கிறது போலிருக்கிறது. போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வீட்டுல ஈர வாடை அடிக்குதே?" என்று என் வாய் கேட்டுவிட்டது. நண்பரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பதில் எட்டு போனால் எவ்வளவு என்பதைச் சொல்லவிடாமல் நண்பர் பேச்சை மாற்றினார்.

என் வீட்டுக் குளியலறைக் கூரையிலும் ஒரு ஃபேன் ஓடுகிறது. பரணுக்குள் ஏறிப் பார்த்தால், வெளிச்சுவரில் பென்சிலால் போட்ட ஒரு வட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் அத்தானின் கையெழுத்தில் 'இங்கே' என்று ஒரு சொல். கொத்தனார் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் எனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஓட்டை இன்னும் போடவில்லை.